நெல்லின் நொதிக் குடும்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்மதி ஏன் மணக்கிறது, பசுமைப் புரட்சி ரகமான ஐ.ஆர். 8 ஏன் குட்டையாக நின்றது, ஜப்பான் அரிசி ஏன் குழைகிறது என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் ஒரே மாதிரிதான் முடிகிறது. நெல்லுக்குள் ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. அதில் ஓர் உறுப்பினர் வேலையை நிறுத்திவிட்டது, அல்லது குறைத்துக்கொண்டது. நெல்லில் மனிதர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றிய நல்ல குணங்களில் பல இப்படி வந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெயர்களும் எண்களும் சுமையாக இருக்காது.

நொதி மரபணுக் குடும்பம் என்றால் என்ன?

நொதி என்பது செல்லுக்குள் ஒரு வேதிவினையை நடத்திவைக்கும் புரதம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவது ஒரு நொதி. சர்க்கரையை மாவுச்சத்தாகக் கோப்பது இன்னொன்று. அந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்து வந்து, டி.என்.ஏ. எழுத்து வரிசையில் ஒன்றையொன்று ஒத்து, ஏறத்தாழ ஒரே வகை வினையைச் செய்யும் மரபணுக்களைச் சேர்த்து ஒரு குடும்பம் என்கிறோம்.

நெல்லில் ஆல்பா அமைலேஸ் குடும்பத்தில் சுமார் 10 மரபணுக்கள் உண்டு. எல்லாமே மாவுச்சத்தை வெட்டும் கத்திகள்தாம். ஆனால் ஒன்று முளைக்கும் விதையின் தவிட்டு அடுக்கில் எழுகிறது, இன்னொன்று முளைக்கருவில் சர்க்கரை தீர்ந்தால் எழுகிறது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதில்தான் குடும்பத்தாருக்குள் வேறுபாடு. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரே வேலைக்கு இத்தனை மரபணுக்கள் எதற்கு? எங்கிருந்து வந்தன?

நகலெடுக்கும்போது நேர்ந்த பிசகுகளிலிருந்து வந்தன. புல்லினங்கள் தனித்தனியாகப் பிரியும் முன்பே, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், அவற்றின் மூதாதையில் முழு மரபணுத் தொகுதியும் ஒருமுறை இரட்டித்தது. அது பெரிய அளவில் நடந்தது. சிறிய அளவில், ஒரு மரபணு பக்கத்திலேயே இன்னொரு நகலைப் போட்டுக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். ஒளிச்சேர்க்கையின் முக்கிய நொதியான ரூபிஸ்கோவின் சிறு துண்டுக்கு நெல்லில் 5 மரபணுக்கள் உண்டு. அவற்றில் 4 பன்னிரண்டாம் குரோமோசோமில்தான் குடியிருக்கின்றன.

நகல் வந்தபின் என்ன ஆகும்? பெரும்பாலானவை காலப்போக்கில் பழுதாகி மறைந்துவிடும். சில, பழைய வேலையைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும்: நீ வேரைப் பார், நான் கதிரைப் பார்க்கிறேன் என்பதுபோல. அபூர்வமாகச் சில புது வேலை கற்றுக்கொள்ளும். இந்த மூன்றாவது வகைக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சி.பி.எஸ். குடும்பம். அதில் முதலாவது, பயிரை உயரச் செய்யும் ஜிப்ரலின் ஹார்மோன் தயாரிப்பில் இருக்கிறது. அதன் உறவான நான்காவது, மோமிலாக்டோன் என்ற நச்சுப்பொருள் தயாரிப்பில் இருக்கிறது. நெல் அதை வேர் வழியாக மண்ணில் கசியவிட்டுப் பக்கத்துக் களைகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஹார்மோன் செய்த குடும்பத்திலிருந்து ஆயுதம் செய்யும் ஒருவர் கிளம்பியிருக்கிறார். நெல்லோடு போட்டி போடும் குதிரைவாலி இனத்துக் களைப்புல்லிலும் அதே மோமிலாக்டோன் தயாரிப்பு மரபணுக்கள் கூட்டமாக இருப்பது பின்னர் தெரியவந்தது. வயலில் நாம் பார்க்காத ஒரு சண்டை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நெல்லில் மொத்தம் எத்தனை மரபணுக்கள்? எத்தனை பெரிய குடும்பங்கள்?

ஜப்பான் முன்னின்று, இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து நெல்லின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து 2005-இல் வெளியிட்டன. 12 குரோமோசோம்கள், சுமார் 38.9 கோடி எழுத்துகள், 37,544 மரபணுக்கள் என்பது அன்றைய கணக்கு. அதில் பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தது இந்திய விஞ்ஞானிகள்.

குடும்பங்களின் அளவு ஏகத்துக்கும் மாறும். ஹார்மோன், நஞ்சு போன்ற பொருள்களில் ஆக்சிஜனைச் சேர்த்து அவற்றை மாற்றும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தில் 300-க்கு மேல். செல்சுவரிலும் தற்காப்பிலும் வேலைசெய்யும் மூன்றாம் வகைப் பெராக்சிடேஸ் குடும்பத்தில் 138. புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ்கள் 1,400-க்கு மேல். மறுபக்கம், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் வெறும் 3. மாற்றிக்கொண்டே இருக்கவேண்டிய வேலைகளில், அதாவது நோய், நஞ்சு, பூச்சி சம்பந்தப்பட்டவற்றில், குடும்பம் பெருகியிருப்பதைப் பார்க்கலாம்.

நெல் விதை தண்ணீருக்குள்ளும் முளைக்கிறதே, கோதுமையால் ஏன் முடியவில்லை?

விதை முளைக்கத் தொடங்கும்போது முளைக்கரு ஜிப்ரலினைச் சுரக்கும். அது தவிட்டு அடுக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஆர்.அமை.1ஏ என்ற அமைலேஸ் மரபணு விழிக்கும். அமைலேஸ் உள்ளே இருக்கும் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். முளை அதைத் தின்று வளரும். காற்றோட்டமான மண்ணில் கோதுமை, பார்லி, நெல் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான்.

ஆக்சிஜன் இல்லாத நீருக்குள் கதை மாறுகிறது. கோதுமையிலும் பார்லியிலும் அந்த நிலையில் அமைலேஸ் உருவாவதே இல்லை. களஞ்சியம் நிறைய மாவு இருந்தும் சாவி இல்லாமல் முளை பட்டினி கிடந்து சாகும். நெல்லிலோ ஆர்.அமை.3டி என்ற இன்னோர் உறுப்பினர் இருக்கிறது. சர்க்கரை குறைந்துவிட்டது, ஆக்சிஜனும் இல்லை என்ற சமிக்ஞை கிடைத்தால் அது எழும். அப்புறம், கிடைத்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்க வேண்டுமே? அதற்கு ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதி வேண்டும். அந்த நொதி குன்றிய நெல் வகையை நீருக்குள் முளைக்கவிட்டால் முளை உறை நீளாமல் நின்றுவிடுவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

இருந்தாலும் எல்லா நெல்லும் இதில் ஒன்றுபோல இல்லை. நேரடி விதைப்பு செய்தவர்களுக்கு இது தெரியும்: விதைத்த மறுநாள் கொட்டும் மழையில் வயல் மூழ்கினால் முளை வருவது அதிர்ஷ்டம். மியான்மரின் காவோ ஹ்லான் ஓன் என்ற நாட்டு ரகம் இந்த நிலையிலும் நன்றாக முளைக்கும். காரணமான மரபணு 2015-இல் வெளியானது. அதன் பெயர் டி.பி.பி.7. டிரீஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு, செல்லில் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லும் அடையாளம். டி.பி.பி.7 நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். உடனே முளை, இன்னும் பசி தீரவில்லை என்று எண்ணிக்கொண்டு மாவுச்சத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நீருக்கு மேலே எட்டிப் பார்க்கும்வரை நீளும். உலகெங்கும் பயிரான ஐ.ஆர். 64-இல் இந்த மரபணு இல்லவே இல்லை. நட்டு வளர்த்த காலத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறும் இந்தக் காலத்தில் அது பெரிய குறை.

சோறு உதிரியாக வருவதும் குழைவதும் எந்த நொதியால்?

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள். நேராக நீளும் அமைலோஸ், மரம்போலக் கிளைவிடும் அமைலோபெக்டின். அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேலே போனால் சோறு உதிரியாக, ஆறினால் விறைப்பாக இருக்கும். 20-க்குக் கீழே இறங்க இறங்க மென்மையும் ஒட்டும் கூடும். 2 சதவீதத்துக்கும் கீழே போனால் அது பசையரிசி.

மாவுச்சத்தைக் கோக்கும் குடும்பத்தில் நெல்லுக்கு 10 உறுப்பினர்கள். அதில் அரிசிமணிக்குள் அமைலோஸைச் செய்வது ஒன்றே ஒன்று: ஆறாம் குரோமோசோமில் இருக்கும் வேக்ஸி மரபணு. ஜப்பான் வகை நெல்லில் இதன் முதல் இன்ட்ரான் (மரபணுவின் செய்தியிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) தொடங்கும் இடத்தில் ஜி என்ற ஓர் எழுத்து டி-யாக மாறியிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. அதனால் மரபணுவின் செய்தியைச் சரியாக வெட்டி ஒட்ட முடியாமல் நொதி குறைவாகவே உருவாகிறது, அமைலோஸும் குறைகிறது. சுஷிக்கு அரிசி ஒட்டுவதும் நம் வீட்டுச் சாம்பார் சோறு மணி மணியாகப் பிரிவதும் இந்த எழுத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. பசையரிசியில் பழுது இன்னும் ஆழம்: 23 எழுத்துகள் இரண்டுமுறை வந்து, நொதி பாதியிலேயே முறிந்துபோகிறது.

அதே குரோமோசோமில் இருக்கும் எஸ்.எஸ்.2ஏ என்ற உறவினர், அரிசி எந்த வெப்பத்தில் வேகத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அமைலோபெக்டினின் கிளைகளை அது நீளமாக்கினால் வேக அதிகச் சூடு வேண்டும். கிளைகளை உண்டாக்கும் நொதிகள் மூன்று. அவற்றில் பி.இ.2பி செயலிழந்தால் கிளைகள் அரிதாகி, சிறுகுடலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி என்று ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனக்கு ஒரு வருத்தம்: சந்தையில் இந்தச் சொல்லை ஒட்டி விற்கும் பல பைகளில் எந்த ரகம், அமைலோஸ் எவ்வளவு என்ற விவரமே இருப்பதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய சோற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெந்த அமைலோஸ் ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று நெருங்கிப் படிகம்போல அடுக்கிக்கொள்ளும். அந்தப் பகுதியை நம் குடலின் அமைலேஸ் எளிதில் வெட்ட முடியாது. அமைலோஸ் கூடுதலான அரிசியில் இது அதிகம்.

நறுமண அரிசியில் வாசனை நொதி ஏதாவது இருக்கிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது, ஒரு நொதி இல்லாததால்தான் வாசனை. ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் என்பது சுமார் 20 பேர் கொண்ட குடும்பம். அதில் எட்டாம் குரோமோசோமில் இருக்கும் பி.ஏ.டி.எச்.2 என்ற உறுப்பினர், ஒரு குறிப்பிட்ட ஆல்டிஹைடை உருவான உடனேயே வேறொன்றாக மாற்றிவிடும். பாஸ்மதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் இந்த மரபணுவின் ஏழாம் எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டு) 8 எழுத்துகள் காணாமல் போயிருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டார்கள். நொதி இல்லை, ஆல்டிஹைடு தேங்குகிறது, தேங்கியது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற மணப்பொருளாக மாறுகிறது. யாழ்ப்பாணத்துச் சமையலில் போடும் ரம்பை இலையிலும் இதே பொருள்தான் மணக்கிறது. அரிசி வேகும்போது ஒரு ரம்பைத் துண்டு போட்டால் பாஸ்மதி வாடை வருவது தற்செயல் இல்லை.

இரண்டு நாட்டு அரிசிகளிலும் பழுது அதே எட்டு எழுத்துகள்தான். அப்படியென்றால் இது தனித்தனியாக நடந்த தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. எங்கோ ஒருமுறை நடந்ததை, மணத்துக்காக மக்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். மரபணு என்றால் என்னவென்று தெரியாத விவசாயிகள் மூக்கை வைத்தே இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இந்த நொதி போனபின் பயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? நான்காம் குரோமோசோமில் பி.ஏ.டி.எச்.1 என்ற உடன்பிறப்பு இருக்கிறது; அது ஓரளவு ஈடுகட்டுகிறது என்று கருதுகிறார்கள்.

ஐ.ஆர். 8 குட்டையானதும் இதே மாதிரிதானா?

ஆமாம், இன்னும் பெரிய கதை. உயரமான நெல்லுக்கு உரம் போட்டால் தழைத்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1960-களில் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தைத் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தோடு சேர்த்தார்கள். 1966-இல் ஐ.ஆர். 8 வெளிவந்தது. உரத்தைத் தின்றுவிட்டு நிமிர்ந்து நின்றது. ஏன் குட்டை என்பது 36 ஆண்டு கழித்து, 2002-இல்தான் தெரிந்தது. முதலாம் குரோமோசோமில் ஜிப்ரலினைச் செய்யும் ஜி.ஏ.20 ஆக்சிடேஸ் குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினரில் 383 எழுத்துகள் அழிந்திருந்தன. தண்டில் ஜிப்ரலின் குறைவு, அதனால் உயரம் குறைவு.

ஜிப்ரலின் இல்லாவிட்டால் பூவும் விதையும்கூடப் பாதிக்க வேண்டும். இங்கே பாதிக்கவில்லை. ஏனென்றால் அதே குடும்பத்தின் முதலாவது உறுப்பினர் பூ உறுப்புகளில் வேலைசெய்கிறது. தண்டு குட்டையாகியும் கதிர் நிறைந்ததற்கு இதுவே காரணம். குடும்பம் என்ற ஒன்று இல்லாவிட்டால் பசுமைப் புரட்சி நெல்லே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஜப்பானின் ஜிக்கோகு ரகத்திலும், கலிஃபோர்னியாவில் காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய கால்ரோஸ் 76-இலும் குட்டைத்தனத்துக்குக் காரணம் இதே மரபணுவில் வெவ்வேறு பழுதுகள்தாம். மூன்று இடங்களில், மூன்று வழிகளில் தேடியவர்கள் ஒரே கதவில் வந்து நின்றிருக்கிறார்கள்.

இந்த மரபணுவுக்கு இன்னொரு முகமும் உண்டு. வங்கதேசத்து ஆழ்நீர் நெல், வெள்ளம் ஏற ஏற ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்து தலையை நீருக்கு மேலே வைத்துக்கொள்ளும். 2018-இல் வந்த ஆய்வு, அங்கேயும் ஜி.ஏ.20 ஆக்சிடேஸ் 2-தான் வேலைசெய்கிறது என்று காட்டியது. மூழ்கும்போது தேங்கும் எத்திலீன் வாயு அதை எழுப்பிவிடுகிறது. ஓரிடத்தில் அடங்கியதால் சோறு போட்டது. இன்னோரிடத்தில் வீறுகொண்டு எழுந்து உயிர் காத்தது.

வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் ஜி.ஏ., அதாவது ஜிப்ரலின், தெளிக்கிறார்களே, அது எதற்கு?

மகரந்தம் பயன்படாத ஆண்மலட்டுத் தாய்ச்செடியில் கதிர் முழுதாக வெளிவராமல், கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே பாதி மாட்டிக்கொள்ளும். அதை வெளியே இழுக்கத்தான் ஜிப்ரலின் தெளிப்பு. ஜிப்ரலினைச் செயலிழக்கவைக்கும் இ.யூ.ஐ.1 என்ற பி450 நொதி பழுதான செடிகளில் மேல்கணு தானாகவே நீண்டு கதிர் வெளியே வரும். தெளிப்புச் செலவைக் குறைக்க இந்த வழியையும் பயன்படுத்துகிறார்கள்.

கதிரில் மணிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் நொதி என்று ஒன்று பேசப்படுகிறதே?

அதுவும் கூட்டும் நொதி இல்லை, குறைக்கும் நொதி. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் கதிர் உருவாகும்போது பூக்களின் எண்ணிக்கையைக் கூட்டும். சைட்டோகைனின் ஆக்சிடேஸ், சுருக்கமாக சி.கே.எக்ஸ்., அதைச் சிதைக்கும். நெல்லில் இந்தக் குடும்பத்தில் 11 பேர். இரண்டாவது உறுப்பினர் குறைவாக வேலைசெய்வதால்தான் ஹபடாக்கி என்ற ரகத்தில் கோஷிஹிகாரியைவிட மணிகள் அதிகம் என்று ஜப்பானில் 2005-இல் கண்டறிந்தார்கள்.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களும் இந்த நொதியைச் சுற்றியவைதாம். ஹைதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம், நம்மூரில் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் சம்பா மசூரியில் சி.கே.எக்ஸ்.2-ஐத் திருத்தி டி.ஆர்.ஆர். தன் 100 என்ற கமலாவை உருவாக்கியது. டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எம்.டி.யு. 1010 என்ற ரகத்தில் டி.எஸ்.டி. மரபணுவைத் திருத்தி பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1-ஐ உருவாக்கியது. டி.எஸ்.டி. நொதி அல்ல, ஆனால் சி.கே.எக்ஸ்.2-ஐ முடுக்கிவிடும் மேலாள் அதுதான்.

வேறோர் உயிரின் மரபணு எதுவும் இவற்றில் மிஞ்சியிருக்கவில்லை. சொந்த மரபணுவில் சில எழுத்துகள் மாறியிருக்கின்றன, அவ்வளவே. இத்தகைய பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு தந்தது. கமலா தாய் ரகத்தைவிட 19 சதவீதம் கூடுதல் மகசூல் தரும், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்பது அரசின் அறிவிப்பு. நுட்பத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்: பல இடங்களில் நடந்த வயல் சோதனைகளின் முழு விவரமும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். விவசாயி நம்பி விதைப்பது அறிவிப்பை அல்ல, வயலில் கண்டதை.

யூரியாவை நெல் எப்படி எடுத்துக்கொள்கிறது?

தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவே நிற்கும். அதை வேர் எடுத்ததும் குளூட்டமின் சிந்தட்டேஸ் நொதி அமினோ அமிலமாக்குகிறது. இந்தக் குடும்பத்தில் நாலே பேர். வேலைப் பங்கீடு தெளிவு. ஜி.எஸ்.1;2 வேரில் அம்மோனியத்தைப் பிடிக்கிறது; அது பழுதானால் தூர் குறையும். ஜி.எஸ்.1;1 முதிர்ந்த இலைகளின் நைட்ரஜனைக் கதிருக்குத் திருப்பி அனுப்ப உதவுகிறது; அது பழுதானால் பயிர் குன்றி மணி நிறையாது. ஜி.எஸ்.1;3 பூக்களில். ஜி.எஸ்.2 பசுங்கணிகத்தில்.

கதிரில் சேரும் நைட்ரஜனில் பெரும்பகுதி முதிரும் இலைகளிலிருந்து இடம்பெயர்ந்து வருவது. எனவே பால் பிடிக்கும் பருவத்தில் கடைசியாக ஒரு மூட்டை யூரியா அள்ளிப்போட்டு மணியை நிறைத்துவிடலாம் என்று நினைப்பது சரியில்லை. இலை முன்பே சேர்த்துவைத்திருக்க வேண்டும்.

களைக்கொல்லி தெளித்தால் களை சாகிறது, நெல் ஏன் சாகவில்லை?

நெல்லுக்குள் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதால். பென்டசோன் மருந்தையும் சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகளையும் சிதைப்பது சி.ஒய்.பி.81ஏ6 என்ற ஒரே ஒரு பி450 நொதி. முந்நூறு பேரில் இந்த ஒருவர் பழுதானால் போதும், அந்த மருந்து நெல்லையும் கொன்றுவிடும்.

சேற்று விதைப்பில் பிரெட்டிலாக்குளோர் மருந்தை ஃபென்குளோரிம் என்ற காப்புப்பொருள் சேர்த்தே விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காப்புப்பொருள், குளூட்டத்தயோன் டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகளை இளம் நாற்றில் கூட்டிவிடும். அவை மருந்தோடு குளூட்டத்தயோனை ஒட்டி அதன் பல்லைப் பிடுங்கிவிடும். காப்புப்பொருள் சேர்க்காத மருந்தை விதைத்த வயலில் போட்டால் முளைக்கும் நெல் பாதிக்கப்படுவது இதனால்தான். டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்காமல் மருந்தடிக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

இன்னொரு வழி, மருந்து தாக்கும் நொதியையே மாற்றுவது. 2021-இல் வெளியான பூசா பாஸ்மதி 1979, 1985 ரகங்களில் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் நொதி சற்றே மாறியிருக்கிறது. இமாசெதாபைர் மருந்து அதில் ஒட்டாது.

இரவில் புழுக்கம் அதிகமானால் அரிசியில் வெள்ளை விழுகிறதே?

மணி நிறையும்போது வெப்பம் கூடினால் இரண்டு தவறுகள் ஒன்றாக நடக்கின்றன. மாவுச்சத்தைக் கோக்கும் வேக்ஸி, பி.இ.2பி போன்றவை தளர்கின்றன. விதை முளைக்கும்போது மட்டும் வரவேண்டிய அமைலேஸ்கள் அகாலத்தில் எழுந்து, கட்டிக்கொண்டிருக்கும் சுவரையே அரிக்கின்றன. மாவுமணிகளுக்கு இடையே காற்றிடைவெளி விழுகிறது, ஒளி சிதறுகிறது, நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆலையில் அது குருணையாக உடையும். அமைலேஸை அடக்கிய செடிகளில் வெப்பத்திலும் அரிசி தெளிவாக வந்ததை ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள்.

தவிடு ஏன் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது? புழுங்கல் அரிசியில் அது குறைவு என்பது உண்மையா?

உண்மை. தவிட்டில் எண்ணெயும் இருக்கிறது, அதை உடைக்கும் லைப்பேஸ் நொதியும் இருக்கிறது. முழு நெல்லில் இரண்டும் தனித்தனி அறைகளில். தீட்டும்போது சுவர் உடைந்து இரண்டும் சேர்ந்துவிடும். அப்புறம் லிப்பாக்சிஜனேஸ் வந்து வாடையைக் கிளப்பும். புழுக்கும்போது சூட்டில் நொதிகள் செத்துவிடும். நம் முன்னோர் செய்துவந்த புழுக்கல், நொதியை அடக்கும் ஒரு முறை என்றே நான் பார்க்கிறேன். தவிட்டு எண்ணெய் ஆலைகளும் இதனால்தான் தவிடு வந்த கையோடு சூடேற்றுகின்றன. தாய்லாந்தின் டாவ் டாம் ரகத்தில் லிப்பாக்சிஜனேஸ் 3 இயல்பாகவே இல்லை. அதன் அரிசி இருப்பில் வைத்தாலும் பழைய வாடை மெதுவாகத்தான் ஏறும்.

நோய் எதிர்ப்பு மரபணுக்களும் நொதிகளா?

சில. பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ.21 ஒரு கைனேஸ். மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த இதை 1995-இல் பிரித்தெடுத்தார்கள். 2008-இல் இந்தியாவில் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இது உட்பட மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் உண்டு. மணிச்சத்து குறைந்த மண்ணில் வேரைப் பெருக்கும் பி.எஸ்.டி.ஓ.எல்.1-உம் கைனேஸ்தான். காசலாத் என்ற நாட்டு ரகத்தில் இருக்கும் அது, மரபணுத் தொகுதியை முதலில் படித்து முடித்த ஜப்பானின் நிப்பான்பரே ரகத்தில் கிடையாது. ஒரு ரகத்தின் மரபணுத் தொகுதியை நெல்லின் முழு மரபணுத் தொகுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டு ரகங்களை விதைவங்கியிலும் வயலிலும் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இந்த ஒரு மரபணுவே போதும்.

ஓஎஸ்01ஜி0883800 போன்ற எண்களை எப்படிப் படிப்பது?

ஓஎஸ் என்பது ஒரைசா சடைவா, அதாவது நெல். 01 குரோமோசோம் எண். ஜி என்றால் மரபணு. பின்னால் வருவது அந்தக் குரோமோசோமில் அதன் வரிசை. இந்தக் குறிப்பிட்ட எண், மேலே பார்த்த குட்டை நெல் மரபணுவுடையது.

"உப்புநீரில் இந்தக் குடும்பத்தின் ஏழாவது மரபணு பலமடங்கு ஏறியது" என்று கட்டுரைகளில் வருகிறது. அப்படியானால் அது உப்பைத் தாங்கவைக்கும் மரபணுதானே?

இல்லை. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதுதான். தீப்பிடித்த வீட்டைச் சுற்றி ஊரே கூடும். கூடியவர்கள் எல்லோரும் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் இல்லை. ஒரு மரபணு ஏறியது என்பது அது அங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அந்த மரபணுவை முடக்கிப் பார்க்க வேண்டும். முடக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், உடன்பிறப்பு ஈடுகட்டியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து முடக்க வேண்டும். பிறகு பழுதைச் சரிசெய்தால் குணம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வயல். கணினியில் குடும்பத்தைப் பட்டியலிட்டு, மரவரைபடம் போட்டு, நான்கு அழுத்தங்களில் ஏற்ற இறக்கத்தை அளந்துவிட்டு நிறுத்திவிடும் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. தொடக்கத்துக்கு அவை வேண்டும். ஆனால் ஐ.ஆர். 8-இன் ரகசியமும் பாஸ்மதியின் ரகசியமும் தெரிந்தது, வயலில் வித்தியாசமாக நின்ற ஒரு செடியை எடுத்துக்கொண்டு அதன் மரபணுவைத் தேடிப் போனதால்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடியுமா?

முடியும், செலவும் இல்லை. ஒரு பிடி நெல்லை ஒரு நாள் ஊறவைத்து முளைகட்டுங்கள். முளை விரல் நகம் அளவு வந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு நசுக்கி வடிகட்டுங்கள். நீர்த்த கஞ்சியை ஆறவைத்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் அந்தச் சாற்றை அப்படியே விடுங்கள். மற்றதில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய சாற்றை விடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டில் வைத்து அயோடின் கரைசல் சொட்டிப் பாருங்கள். முதலில் இரண்டும் கருநீலமாகும். நேரம் போகப்போக முதல் கிண்ணத்துத் துளி ஊதா, பழுப்பு என்று வெளிறிக்கொண்டே வரும். அமைலேஸ் சங்கிலியை வெட்டிக்கொண்டிருக்கிறது. கொதித்த சாறு ஊற்றிய கிண்ணத்துத் துளியில் கருநீலம் அப்படியே நிற்கும்.

கையில் பசையரிசி கிடைத்தால், ஒரு மணியைக் குறுக்கே வெட்டி அதன் மேலும் அயோடினை வையுங்கள். சாதாரண அரிசி நீலமாகும்போது அது செம்பழுப்பாக மாறும். வேக்ஸி மரபணு பழுதானதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.